அண்ணாச்சி வைத்துவிட்டுப் போன தாள்

பெரியவனே,

போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய், அரை மணி நேரம் இருந்தாய், அப்பா கடையிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பரோட்டாவைத் தொடாமலே கிளம்பினாய். காய்ச்சலில் கிடந்தபோதுகூடச் சால்னாவை விரலால் தொட்டு நக்கியவன் நீ. உனக்குப் பல் முளைத்த நாளிலிருந்து பரோட்டாவை வேண்டாம் என்று நீ சொன்னது இதுதான் முதல் தடவை, அதனால்தான் விஷயம் பெரிது என்று எனக்கு உறைத்தது. பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தேன். அங்கே வைத்துத்தான் கேட்டாய்: "எம்மா, நீ வாபஸ் வாங்குனதுக்குத்தான் எனக்கு இந்த வேலைய குடுத்தாங்களா? ஆமாவா, இல்லையா? ஒத்த வார்த்தையில சொல்லு." நான் வாயைத் திறப்பதற்குள் மதுரை பஸ் வந்து நின்றது. நீ ஏறிவிட்டாய். அந்த டிரைவருக்கு நான் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். ஏனென்றால் நீ கேட்ட அந்த ஒற்றை வார்த்தை என்னிடம் இல்லை. ஆமாவும் இல்லை, இல்லையும் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அப்பா மீதியைச் சொன்னார். ஆபீஸில் டீ குடிக்கிற இடத்தில் எவனோ ஒருவன், உன் அம்மா இறங்கின நாற்காலியில்தானே நீ ஏறி உட்கார்ந்திருக்கிறாய் என்று சிரித்தானாம். நீ ராஜினாமா எழுதப் போகிறாயாம். என்னிடம் சொல்லாமல் அவரிடம் சொல்லியிருக்கிறாய். சரி, அந்த மனுசன் வாயைத் திறக்க மாட்டார் என்று நம்பியிருப்பாய், உன் கணக்கு தப்பு. இந்தக் கடிதத்தை எழுத எனக்கு நாலு நாள் பிடித்திருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள், பேரூராட்சித் தலைவி ஆன பிறகு கோப்பைப் படித்துப் படித்துத்தான் கை ஓடுகிறது. நீ ஆபீஸில் பிழை திருத்துகிறவன், இதைத் திருத்தி எனக்கே திருப்பி அனுப்பிவிடாதே. உனக்குத் தெரிந்த கதையையும் சேர்த்துத்தான் சொல்லப் போகிறேன். முதலிலிருந்து சொல்லிப் பார்த்தாலாவது எனக்கே புரியுமா என்று பார்க்கிறேன்.

பதினாறு வயதிலிருந்து என் வேலை என்ன? குற்றாலத்தில் பெண்கள் குளிக்கிற பக்கம் மரப்பெட்டியைப் போட்டு உட்கார்ந்து, குளிக்க வருகிறவர்களின் துணிமணியையும் நகையையும் செல்போனையும் பார்த்துக்கொள்வது. எந்த ஊர்க்காரியோ, என்ன பேரோ, கழுத்துச் சங்கிலியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு அருவிக்குள் போய்விடுவாள். டோக்கன் கிடையாது, சீட்டு கிடையாது. முகத்தைப் பார்த்து வைத்துக்கொள்வேன், அவ்வளவுதான். நனைந்த பிறகு எல்லாப் பெண்களுக்கும் முகம் மாறிவிடும், அதையும் கண்டுபிடிக்கப் பழகிக்கொண்டேன். மூட்டையை வாங்கும்போது, "சரி, வச்சுட்டுப் போங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்பேன். திருப்பிக் கொடுக்கும்போது, "அவுத்துப் பாத்துக்கிடுங்க. கொறஞ்சா இப்பமே சொல்லுங்க, பெறகு வந்து கேட்டா நான் பொறுப்பில்ல" என்பேன். சாரல் காலத்தில் ஒரு நாளைக்கு நூறு தடவை இந்த இரண்டையும் சொல்லியிருப்பேன். சொல்லிச் சொல்லி அது என் வாய்க்குள்ளேயே குடியேறிவிட்டது. உன் அப்பா வீட்டிலிருந்து என்னைப் பார்க்க வந்தவர்கள் பூவும் பழமும் வைத்த தட்டை முன்னால் நீட்டினார்கள். நான் பழக்க தோஷத்தில், "சரி, வச்சுட்டுப் போங்க" என்றேன். பெண்ணே சம்மதம் சொல்லிவிட்டது என்று அவர்கள் நாள் குறித்துவிட்டார்கள். அந்த ஒரு சரியின் விளைவுதான் நீ. இதை விளையாட்டாகத்தான் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது சிரிக்க முடியவில்லை, ஏன் என்று பின்னால் வரும்.

உன் தாடையில் ஒரு தழும்பு இருக்கிறது அல்லவா? உனக்கு அப்போது நாலு வயது. என் பக்கத்தில் இருக்கச் சொன்னால் கேட்காமல் பாசிக் கல்லில் ஏறி வழுக்கி விழுந்தாய். ரத்தத்தைப் பார்த்ததும் எனக்கு வேறு எதுவும் கண்ணில் தெரியவில்லை. பெட்டியைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, உன்னைத் தூக்கிக்கொண்டு தென்காசிக்கு ஓடினேன். தையல் போட்டு, நீ தூங்கி எழுந்து, திரும்ப அருவிக்கு வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பெட்டியின் பக்கத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். ஈரச் சேலையோடு, உதடெல்லாம் நீலம் பாரித்து, கையில் ஒரு பிள்ளையோடு. அவள் மாற்றுத்துணி என் பெட்டிக்குள் இருந்தது, கூட வந்தவர்கள் வண்டியில் காத்திருந்தார்கள். நான் அழுதுகொண்டே பூட்டைத் திறந்தேன். அவள் ஏசவில்லை. உன் தாடையில் இருந்த கட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நீ வருவேன்னு தெரியும்மா. எப்ப வருவேன்னுதான் தெரியல." அந்த வார்த்தையை நான் உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. உன்னால்தான் என்று நீ நினைத்துவிடக் கூடாதே என்று வைத்திருந்தேன். இப்போது அது இந்தக் கதைக்கு வேண்டியிருக்கிறது.

தலைவி ஆன கதை உனக்கு மனப்பாடம். நம் வார்டை நம் சாதிப் பெண்களுக்கு என்று ஒதுக்கினார்கள், தலைவர் பதவியையும் அப்படியே ஒதுக்கினார்கள். மன்றத்தில் இந்தப் பக்கம் ஏழு பேர், அந்தப் பக்கம் ஏழு பேர், நடுவில் கட்சி இல்லாமல் நான் ஒருத்தி. இரண்டு பக்கத்துக்கும் என்னைப் பிடித்தது என்று இல்லை, ஒருவரை ஒருவர் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். இரண்டு பக்கத்துக்காரர்களும் தனித்தனியாக வந்து கேட்டார்கள். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறாய்? இரண்டு பேரிடமும் அதே சரியைத்தான் சொன்னேன், தலைவி ஆகிவிட்டேன். நம் ஊர் எல்லையில் இருக்கிற சின்ன அருவியில் பெண்கள் துணி மாற்ற ஒரு அறை கட்ட வேண்டும், அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த அரசியல். கோப்பு போட்டேன். மேலே கேட்க வேண்டும் என்றார்கள். அந்த மேலே போனேன், அதற்கும் மேலே கேட்க வேண்டும் என்றார்கள். காட்டு நிலமாம், கடைசியில் டெல்லியில்தான் கையெழுத்தாக வேண்டுமாம். ஒரு நாள் மன்றக் கூட்டத்தில் அலுத்துப்போய், "அப்பம் நானே டெல்லிக்குப் போயி எம்.பி.யா ஒக்காந்து கையெழுத்துப் போட்டுட்டு வாரேன், அது வரைக்கும் கூட்டத்த ஒத்தி வைங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். எவனோ அதைச் செல்போனில் எடுத்துவிட்டான். சாயங்காலத்துக்குள் ஆய்க்குடி, கடையம் என்று எல்லார் போனிலும் நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்தவர்கள் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்று வரை விளங்காத முதல் விஷயம். பகடியாகச் சொன்னதை இத்தனை பேர் எப்படி நிசமாக எடுத்துக்கொண்டார்கள்?

நீயும் நிசமாக எடுத்துக்கொண்டாய். அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதி, நேர்முகத்துக்கும் போய்வந்து, பட்டியலில் பெயர் வருமா வராதா என்று வீட்டில் கிடந்தவன் திடீரென்று எழுந்து உட்கார்ந்தாய். பாராளுமன்றத் தேர்தல் வந்தது. நம் தொகுதி தனித்தொகுதி, அடுத்தவன் வயலில் தலைமுறை தலைமுறையாக நாற்று நட்ட நம் ஆட்கள்தான் நிற்க முடியும். அருவிக்கரைக் கடைக்காரர்கள் கூட்டமாக வந்து நிற்கச் சொன்னார்கள். என் வாய் பழையபடி சரி என்றது. பார்லிமெண்டில் பரோட்டா கிடைக்குமா என்று மட்டும் உன் அப்பா விசாரித்தார். சுயேச்சை என்றால் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்று நீதான் பத்துப் பேரைப் பிடித்து வந்தாய். சாதிச் சான்றிதழை நீ அழகாக லேமினேஷன் செய்து வைத்திருந்தாய். சின்னத்துக்கு நான் வாளி கேட்டேன், நீ மடிக்கணினி கேட்டாய். வாளியென்றால் தண்ணீர் மொள்ளலாம், மடிக்கணினியை வைத்து என்னடா செய்ய என்று நான் கேட்டதற்கு இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மனுத் தாக்கல் தொடங்கின நாளே போய்க் கொடுத்தோம். அன்றிலிருந்து பதினொரு நாள் நான் வேட்பாளர். ஷேர் ஆட்டோவில் மைக்கைக் கட்டிக்கொண்டு, நீ முன்னால் உட்கார்ந்து தொண்டை கட்டப் பேசுவாய், நான் பின்னால் உட்கார்ந்து கை கும்பிடுவேன். அந்தப் பதினொரு நாளில் நீ எவ்வளவு அழகாக இருந்தாய் என்று உனக்குத் தெரியாது. நான் பார்த்தேன்.

போகிற இடத்தில் எல்லாம் சனங்கள் மனு கொடுத்தார்கள். பட்டா இல்லை, ரேஷன் அட்டை இல்லை, மகளுக்குக் கல்லூரியில் இடம் இல்லை, தெருவில் தண்ணீர் இல்லை. எங்கள் தெருவில் வெளிச்சம் வந்துவிட்டது, நன்றி என்றுகூட ஒருவர் எழுதிக் கொடுத்தார், அவர் யாருக்கு எழுதினாரோ. அருவிக்குக் கொண்டுபோகிற என் பெரிய துணிப்பையில் எல்லாவற்றையும் வாங்கி வாங்கிப் போட்டேன். "சரி, குடுத்துட்டுப் போங்க, நான் பாத்துக்கிடுதேன்." பை கனக்கக் கனக்க எனக்கு உள்ளுக்குள் ஏதோ புரியாமல் இருந்தது. ஆனால் என்ன என்று பிடிபடவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் அந்த அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். பெரிய கட்சியின் ஆள், தென்காசிக்காரர், பெயர் வேண்டாம், உனக்குத் தெரியும். நீ மைக்குக்கு பேட்டரி வாங்கப் போயிருந்தாய். நான் தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தேன், கையெல்லாம் மாவு. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, என்னை வாய் நிறையப் புகழ்ந்தார். நான் பிரிக்கிற ஓட்டு கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கொஞ்சம்தான் அவர்கள் கட்சிக்கு வேண்டியிருக்கிறது என்று வெளிப்படையாகவே சொன்னார். மிரட்டவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து கிரைண்டர் மேல் வைத்தார், வேட்புமனுவைத் திரும்பப் பெறுகிற படிவம். அப்புறம் சொன்னார்: "பையன் ஏதோ பரீட்சை எழுதியிருக்கானாமே. அத நாங்க பாத்துக்கிடுதோம். நீ இதப் பாரும்மா." நான் மாவுக் கையோடு நிமிர்ந்தேன். என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? "சரி, வச்சுட்டுப் போங்க அண்ணாச்சி."

இதுதான், பெரியவனே. இதைத்தான் உன்னிடம் சொல்லாமல் இத்தனை மாதம் வைத்திருந்தேன். அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று நீ கேட்டால், சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. தாளை வைத்துவிட்டுப் போங்கள், எனக்கு மாவு காய்கிறது என்றா? யோசித்துச் சொல்கிறேன் என்றா? ஒப்பந்தம் என்றா? அவர் எப்படி எடுத்துக்கொண்டார்? சிரித்துக்கொண்டே எழுந்து போனார். தட்டை நீட்டினவர்கள் எழுந்து போனார்களே, அதே மாதிரி. நீ வந்ததும் அந்தத் தாளை அரிசிப் பானைக்கு அடியில் தள்ளினேன். தப்பு இல்லை என்றால் ஏன் தள்ள வேண்டும்? அதுவும் எனக்கு விளங்கவில்லை.

மறுநாள், பத்தாம் நாள், நாம் கடையம் போனோம். பஸ் நிலையத்தில் நீ மைக்கில் பேசிக்கொண்டிருந்தபோது ஆட்டோவின் மறுபக்கம் ஒரு பெண் வந்தாள். என் வயதுதான் இருக்கும். வளைகுடாவுக்கு வேலைக்குப் போன அவள் புருசனிடமிருந்து மூன்று மாதமாகப் போன் இல்லை. எம்.பி. கடிதம் கொடுத்தால் அங்கே தேடுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பாஸ்போர்ட் நகலையும் ஒரு போட்டோவையும் மனுவோடு பிளாஸ்டிக் உறையில் சுற்றிக் கொடுத்தாள். நான் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வழக்கமான வார்த்தையைச் சொன்னேன். எல்லாரும் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள் அல்லவா, அவள் போகவில்லை. நின்றுகொண்டே கேட்டாள்: "பதில எப்ப வந்து வாங்கிக்கிடட்டும் தாயி? எங்கன வரணும்?"

பெட்டி எங்கே இருக்கும்? நான் எங்கே இருப்பேன்? தோற்றால் நான் எம்.பி. இல்லை, கடிதம் கொடுக்க முடியாது. தோற்கத்தான் போகிறேன் என்று நம் ஆட்டோ டிரைவருக்குக்கூடத் தெரியும், உன் ஒருத்தனைத் தவிர. நூற்றுக்கணக்கான சனங்கள் என் பையில் மூட்டையைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். குளித்துவிட்டு வந்து பார்க்கும்போது நான் இருக்க மாட்டேன், பெட்டி பூட்டியிருக்கும். ஈரச் சேலையோடு நின்ற அந்தப் பெண்ணின் நீல உதடு என் கண்ணுக்குள் வந்துவிட்டது. கடையத்துக்காரியிடம் ஏதோ சொல்லி அனுப்பினேன். திரும்பி வரும்போது வழியெல்லாம் நீ கூட்டத்தைப் பற்றியே பேசினாய். நான் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

பதினோராம் நாள் மூன்று மணிக்குள் வாபஸ் வாங்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். நீ காலையிலேயே மைக்கைக் கட்டிக்கொண்டு மேலகரம் பக்கம் போய்விட்டாய். நான் அரிசிப் பானையை நகர்த்தினேன். கலெக்டர் ஆபீஸில் கேட்டால் வேறு தாள் தந்திருப்பார்கள். அது எனக்குத் தோன்றவே இல்லை. கைக்கு எட்டினது அண்ணாச்சியின் தாள், அதிலேயே கையெழுத்துப் போட்டு, தன்னந்தனியாகப் போய் அதிகாரியிடம் கொடுத்தேன். அப்போது உன் வேலை என் மனதில் இருந்ததா என்றுதானே கேட்கிறாய்? இல்லை என்றால் பொய். ஆமாம் என்றாலும் பொய். ஆட்டோவில் போகும்போது முழுக்கவும் கடையத்துக்காரியைத்தான் நினைத்தேன். படி ஏறும்போது, நேர்முகத்துக்கு நீ போட்டுப் போன அந்த நீலச் சட்டை, அதன் காலரை நான் தேய்த்துக் கொடுத்தது, அது நினைவு வந்தது. ஒரு படிதான். அந்த ஒரு படியை மற்றப் படிகளிலிருந்து பிரித்து எடுக்க எனக்குத் தெரியவில்லை. வெளியே வந்ததும் உனக்குப் போன் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. மைக்கில் எனக்காகப் பேசிக்கொண்டிருந்த உன்னிடம் எவனோ வந்து, நிறுத்துடா, ஒங்க அம்மா வாபஸ் வாங்கியாச்சு என்று சொல்லும்படி விட்டேன். மற்றது எல்லாம் குழப்பம், இது ஒன்று மட்டும் தெளிவான தப்பு. இதற்கு மன்னிப்புக் கேட்கத் தனியாக ஒரு தாள் வேண்டும், ஆனால் இதிலேயே கேட்டுவிடுகிறேன்.

தேர்தல் முடிவு வந்த அடுத்த வாரம் உனக்கு வேலை உத்தரவு வந்தது. நீ குதித்தாய். நான் அரிசிப் பானையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

நீ பஸ் ஏறிப் போன மறுநாள் நான் அண்ணாச்சி வீட்டுக்கே போனேன். நேராகக் கேட்டுவிடுவது என்று. அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். காப்பி கொடுத்தார்கள். அன்றைக்கு வந்து என் மகன் விஷயத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்றீர்களே, பார்த்தீர்களா என்று கேட்டேன். அவர் முகத்தைப் பார்த்தேன், நனைந்த முகங்களையே அடையாளம் கண்டுபிடிக்கிறவள் நான். அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. "எம்மா, அந்த வாரம் நான் ஆறு வீட்டுக்குப் போனேன். ஒவ்வொருத்தர்ட்ட ஒவ்வொண்ணு சொன்னேன். ஒன்ட்ட என்ன சொன்னேன்?" என்றார். பரீட்சை, வேலை என்று எடுத்துச் சொன்னேன். மதுரையில் நீ வேலையில் இருக்கிறாய் என்றும் சொன்னேன். அதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். மீசைக்குள் ஒரு சிரிப்பு வந்தது. "கெடச்சிட்டுல்லா? அப்பம் செஞ்சேன்னு வச்சுக்கோ."

செய்தாரா, செய்யவில்லையா? செய்யாததைத்தான் செய்ததாகச் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றியது. படி இறங்கும்போது, செய்தவர்தான் மறந்தது மாதிரி நடிக்கிறாரோ என்றும் தோன்றியது. அவரை ஏசிக்கொண்டே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். பாதி வழியில் என் காலே நின்றுவிட்டது. ஏன் என்று சொல்கிறேன். அந்தத் துணிப்பை மனுக்களை நான் என்ன செய்தேன் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குகிறார்கள் அல்லவா, தேர்தல் முடிந்ததிலிருந்து வாரத்துக்குப் பதினைந்து மனுவை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்று கொடுத்துவிட்டு வருகிறேன். முதல் திங்கள் கொடுத்தது கடையத்துக்காரியுடையது. இரண்டு மாதம் கழித்து அவள் ஒரு தார் நாட்டுப்பழத்தைத் தூக்கிக்கொண்டு வீடு தேடி வந்தாள். புருசன் போன் போட்டுவிட்டானாம். என் மனுவால் தேடிப் பிடித்தார்களா, அவனாகவே பேசினானா, அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நீங்கதான் தாயி என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நான் இல்லை என்று சொன்னேனா? பழத்தை வாங்கி வைத்துக்கொண்டு பல்லைக் காட்டினேன். நீகூட ஊருக்கு வந்தபோது நாலு பழம் தின்றாய். அண்ணாச்சியின் மீசைக்குள் இருந்த சிரிப்பும் என் சிரிப்பும் ஒரே சிரிப்புத்தான் பெரியவனே. நடுரோட்டில் நின்று அதைக் கண்டுபிடித்தேன். வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது.

உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "மாவப் பெசஞ்சது அவன். கல்லுல எவன் எடுத்துப் போட்டா என்னட்டி?" என்றார். பரோட்டா மாஸ்டர் வேறு எப்படிச் சொல்வார்? எனக்கு அது பாதிதான் சமாதானமாக இருக்கிறது. நீ ராப்பகலாகப் படித்தது நிசம், பக்கத்தில் உட்கார்ந்து கொசு அடித்தவள் நான். ஆனால் அந்தப் பட்டியலில் உனக்கு அடுத்து நின்ற ஒருவனும் மாவு பிசைந்திருப்பான் அல்லவா, அவனுக்கும் ஒரு அம்மா கொசு அடித்திருப்பாள் அல்லவா என்று நினைத்தால் மறுபடியும் குழம்பிப் போகிறேன்.

அதனால் உன்னிடம் வேலையை விடு என்றும் சொல்ல மாட்டேன், விடாதே என்றும் சொல்ல மாட்டேன். என் மானத்துக்காக விடாதே, என் கண்ணீருக்காக இருக்கவும் செய்யாதே. ஒன்றே ஒன்றுதான் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது, பட்டதனால் சொல்கிறேன். ஆபீஸில் டீ குடிக்கிற இடத்தில் எவனோ சொன்ன வார்த்தையும் அண்ணாச்சி வைத்துவிட்டுப் போன தாள் மாதிரிதான். கைக்கு எட்டுகிறது என்பதற்காக அதில் கையெழுத்துப் போட்டுவிடாதே. ராஜினாமாதான் என்று முடிவு செய்தால் உன் சொந்தத் தாளில், உன் சொந்தக் காரணத்தை எழுது. இருப்பது என்று முடிவு செய்தாலும் அப்படியே. நீ உட்கார்ந்திருக்கிற மேசைக்கு முன்னால் யாராவது ஒரு மனுவை நீட்டிவிட்டு, எப்போது வரட்டும் என்று கேட்டால், ஒரு நாளைச் சொல், அந்த நாளில் அங்கே இரு. எதுவானாலும் செய்வதற்கு முன்னால் எங்களுக்கு ஒரு போன் போடு. நான் போடாத அந்தப் போனை நீயாவது போடு.

துணிப்பையில் இன்னும் ஒரு கை மனு இருக்கிறது, இந்தச் சாரல் முடிவதற்குள் கொடுத்து முடித்துவிடுவேன். அதற்கெல்லாம் அடியில், உனக்குச் சேர வேண்டிய உண்மை ஒன்று கொடுக்காமல் கிடந்தது. உனக்குச் சொந்தமானதை நான் பூட்டி வைத்துக்கொண்டு, உன்னை ஈரத்தோடு நிறுத்திவிட்டேன். கிரைண்டர் மேல் இருந்த தாள், மாவுக் கையோடு நான் சொன்ன சரி, நீலச் சட்டை நினைவு வந்த அந்த ஒரு படி, அண்ணாச்சியின் மீசைச் சிரிப்பு, எல்லாம் இதில் இருக்கிறது. ஒன்றையும் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. அவிழ்த்துப் பார்த்துக்கொள். குறைந்தால் சொல். பிறகு வந்து கேட்டாலும் நான் பொறுப்புத்தான்.

உன் அம்மா